இறைவன் சித்தமும் தச்சனின் உளியும்: எசெக்ஸ் ஸ்கூனர்கள் எழுப்பும் அறவினா

ஒரு பொருளைச் செய்தவர், அது தம் கையை விட்டுப் போன பின்னர், தாம் காணாத இடத்தில், தாம் அறியாத மனிதருக்கு விளைவிக்கும் தீங்கிற்கு எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. அத்தீங்கு கடலும் காற்றும் போன்ற இயற்கையின் வழியாக வந்து சேரும்போது அது சமய வினாவாகவும் ஆகிவிடுகிறது. ஏனெனில் இயற்கையை ஆள்பவன் இறைவன் என்று நம்பும் மக்கள், புயலில் மூழ்கிய கப்பலுக்குக் காரணம் தேடும்போது இறைவன் சித்தத்தையே முதலில் நினைக்கிறார்கள். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அந்த விடை ஆறுதலாகலாம். ஆனால் அதே விடை கப்பலைக் கட்டியவருக்கும் கட்டச் சொன்னவருக்கும் மறைவிடமாகவும் ஆகலாம். ஆறுதலும் மறைவிடமும் ஒரே சொல்லில் குடியிருக்கும் இந்நிலையை ஆராய்வதற்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எசெக்ஸ் என்னும் சிற்றூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மர ஸ்கூனர்களின் வரலாறு தெளிவான களமாக அமைகிறது.

எசெக்ஸ் கடலை நேரே பார்த்த ஊர் அன்று. சதுப்பு நிலங்களினூடே வளைந்து செல்லும், ஓதத்திற்கேற்ப ஏறி இறங்கும் ஓர் ஆற்றின் கரையில் அமைந்தது. 1819 இல் தனி ஊராகும்வரை இப்ஸ்விச் நகரின் ஒரு பகுதியாகச் செபாக்கோ என்னும் பெயரோடு இருந்த இவ்வூரில், கப்பல் கட்டுவதற்கென ஆற்றங்கரையில் ஓர் ஏக்கர் நிலம் 1668 ஆம் ஆண்டிலேயே பொதுநிலமாக ஒதுக்கப்பட்டது. அக்கரையிலும் அதை அடுத்த பட்டறைகளிலும் காலப்போக்கில் உருவான மரக்கலங்கள் 4,000 க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை ஸ்கூனர்கள். இரண்டோ அதற்கு மேலோ பாய்மரங்கள் கொண்டு, பாய்களைக் கப்பலின் நீளவாக்கில் விரித்து, குறைந்த ஆட்களால் காற்றுக்கு நெருங்கி ஓடக்கூடிய கலம் ஸ்கூனர் எனப்படும். எசெக்ஸில் கட்டப்பட்ட ஸ்கூனர்களுள் பெரும்பாலானவை அருகிலிருந்த கிளாஸ்டர் துறைமுகத்தின் மீன்பிடி உரிமையாளர்களுக்குச் சென்றன. அங்கிருந்து அவை ஜார்ஜஸ் பேங்க், கிராண்ட் பேங்க் ஆகிய ஆழம் குறைந்த கடல்மேடுகளுக்குக் காட், ஹாலிபட் முதலிய மீன்களைத் தேடிப் போயின.

இந்தக் கலங்களின் வடிவம் முடிவாகிய முறை இவ்வினாவுக்கு இன்றியமையாதது. அக்காலத்துக் கட்டுநர் பலர் வரைபடத்திலிருந்து தொடங்கவில்லை. மென்மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிணைத்து, கப்பலின் ஒரு பக்கத்தை மட்டும் கையடக்கமான அரைவடிவ மாதிரியாகச் செதுக்கினார்கள். உரிமையாளர் அதைக் கையில் வாங்கி, விரலால் அதன் வளைவைத் தடவிப் பார்த்து, இங்கே கொஞ்சம் கூர்மை வேண்டும், அங்கே கொஞ்சம் அகலம் வேண்டும் என்று சொல்ல, கட்டுநர் மீண்டும் சீவினார். பின்னர் அந்த அடுக்குகளைப் பிரித்து, அளவெடுத்து, பட்டறையின் தளத்தில் முழு அளவில் பெருக்கி வரைந்து, ஓக் மரத்தில் வங்குக்கால்களை, அதாவது கப்பலின் விலாச்சட்டங்களை, வெட்டினார்கள். ஏரா எனப்படும் அடிமரத்தின்மேல் அவற்றை நிறுத்தி, வெளிப்பலகைகளை மர ஆணிகளால் அறைந்து, வாய்ச்சியால் மட்டம் செய்து, இடுக்குகளில் தார் தோய்ந்த நாரைத் திணித்துக் கலப்பற்று முடித்தார்கள். மாதிரியில் அரை விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் கப்பலில் அது சாண் கணக்கில் வெளிப்படும். எனவே ஒரு கலம் எவ்வளவு ஆழமாக நீரில் அமரும், சாய்ந்தால் எந்த எல்லைவரை நிமிரும் என்பவை நடுக்கடலில் தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே, இரு மனிதர் பேசிக்கொண்டு நின்ற ஒரு மேசையின்மேல் தீர்மானிக்கப்பட்டுவிட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்த மேசையில் வென்று வந்தது வேகம். உப்பிட்ட மீனுக்குப் பதிலாகப் பனிக்கட்டியில் வைத்த புதுமீன் சந்தைக்கு வந்தபோது, முதலில் கரை சேர்ந்தவருக்கு நல்ல விலை கிடைத்தது; கிளாஸ்டரின் துறைகளிலோ தண்ணீர் ஆழமில்லை. இவ்விரண்டும் சேர்ந்து, கூரிய அணியமும், அதாவது முன்முனையும், அகன்ற உடலும் குறைந்த ஆழமும் மிகப் பெரிய பாய்களும் கொண்ட ஒரு வடிவத்தை வழக்கமாக்கின. அகன்று ஆழமற்ற கலம் தொடக்கத்தில் மிக உறுதியாக நிற்கும். மிதமான காற்றில் அது சாயவே மறுக்கும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்துவிட்டால், எடை தாழ்வாக இல்லாததால், அது நிமிராமல் கவிழ்ந்துவிடும். ஆழமான கலமோ சிறு காற்றிலேயே சற்றுச் சாயும். ஆனால் பெருஞ்சாய்விலும் அடியில் உள்ள பாரம் அதை மீட்டு நிறுத்தும். உறுதியாகத் தோன்றுவது நெருக்கடியில் கைவிட, தளர்வாகத் தோன்றுவது காக்கும் இந்த இயல்பினால், நல்ல காற்றில் பெற்ற அனுபவமே மாலுமிகளைத் தவறான நம்பிக்கைக்குள் இட்டுச் சென்றது.

இழப்புகள் சிறியவை அல்ல. 1862 பிப்ரவரி 24 அன்று ஜார்ஜஸ் பேங்கில் வீசிய புயலில் 15 ஸ்கூனர்களும் 120 பேரும் அழிந்தனர். 1879 என்னும் ஒரே ஆண்டில் கிளாஸ்டர் 29 கலங்களையும் 249 பேரையும் இழந்தது. இன்று அத்துறைமுகத்தில் உள்ள மீனவர் நினைவிடம் 5,000 க்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கிறது. இவ்விழப்புகள் அனைத்தையும் கப்பலின் வடிவத்தின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஜார்ஜஸ் பேங்கில் கலங்கள் நெருக்கமாக நங்கூரமிட்டு மீன் பிடித்தன. புயலில் ஒரு கலத்தின் நங்கூரம் பிடி விட்டால் அது அலையோடு வந்து மற்றொன்றின்மேல் மோத, இரண்டும் மூழ்கும். இதற்கு அஞ்சி, புயல் இரவுகளில் ஒருவர் கையில் கோடரியோடு நங்கூர வடத்தின் அருகே நிற்பதுண்டு. தம்மை நோக்கி ஒரு கலம் அடித்து வரப்படுவதைக் கண்டால் அவர் வடத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் விலையுயர்ந்த வடமும் நங்கூரமும் கடலில் போகும், கலமும் பிடியின்றி ஆழமற்ற பகுதியை நோக்கித் தள்ளப்படலாம். வெட்டாவிட்டால் எல்லாமே போகலாம். அந்த நொடியின் முடிவு ஒருவருடையது; ஆனால் அவரை அந்த நொடிக்குக் கொண்டுவந்து நிறுத்திய முடிவுகள் பலருடையவை. புயல், இடம், நெருக்கம், பாயின் அளவு, உடலின் ஆழம், சந்தையின் அவசரம் ஆகிய அனைத்தும் ஒரே மரணத்தில் வந்து கூடுகின்றன.

இவ்வாறு பல காரணங்கள் கூடும் இடத்தில் இறைவனின் காரணத்துவத்தை எப்படிப் புரிந்துகொள்வது? எசெக்ஸ், கிளாஸ்டர் வட்டாரத்தை உருவாக்கிய பியூரிட்டன் மரபு, நிகழ்வன அனைத்தும் இறைவனின் நித்திய ஆணைக்கு உட்பட்டவை என்று கொள்வது. இதைக் கேட்டவுடன், கப்பல் மூழ்கியதும் அவ்வாணையே என்பதால் தச்சனைக் கேள்வி கேட்க இடமில்லை என்று தோன்றலாம். ஆனால் அம்மரபின் அடிப்படை ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, 1640 களில் இயற்றப்பட்டபோதே, இம்முடிவை மறுத்துவிட்டது. இறைவனின் ஆணை இரண்டாம்நிலைக் காரணங்களை, அதாவது படைக்கப்பட்ட பொருள்களும் மனிதரும் தம் இயல்புக்கேற்பச் செயல்படும் ஆற்றலை, நீக்கிவிடுவதில்லை. மாறாக அவற்றை நிலைபெறச் செய்கிறது என்பது அவ்வறிக்கையின் நிலைப்பாடு. இறைவன் உலகைக் காரணங்களின் வழியாக நடத்துகிறான் என்றால், காரணமாக நிற்கும் மனிதன் தன் பங்கிற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அனைத்தும் இறைவன் செயல் என்று மிகக் கண்டிப்பாகச் சொன்ன இறையியலே, தச்சனுக்கு ஒளிந்துகொள்ள இடம் தரவில்லை என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் சிந்தனை மரபில் சைவ சித்தாந்தம் இதே சிக்கலை வேறு சொற்களால் தெளிவாக்குகிறது. ஒரு பொருள் தோன்ற மூன்று காரணங்கள் வேண்டும் என்பது அதன் கோட்பாடு: பொருளாக மாறும் முதற்காரணம், கருவியாக உதவும் துணைக்காரணம், அறிவோடு செய்து முடிக்கும் நிமித்தகாரணம். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்று நூல்கள் விளக்குவதைக் கப்பலுக்குப் பொருத்தினால், ஓக் மரம் முதற்காரணமாகவும், வாய்ச்சியும் அரைவடிவ மாதிரியும் துணைக்காரணமாகவும், கட்டுநர் நிமித்தகாரணமாகவும் அமைவர். உலகத்திற்கு இறைவன் நிமித்தகாரணன் என்பதால், கப்பலுக்குத் தச்சன் நிமித்தகாரணன் என்பது இல்லாமல் போவதில்லை. கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டிலும், கப்பல் கட்டும் கலை மரத்தினுள்ளேயே இருந்திருந்தால் மரம் தானே கப்பலாகியிருக்கும் என்ற பொருளில் வாதிடுகிறார். வடிவம் மரத்திலிருந்து வருவதில்லை என்றால், வடிவத்தின் குறையை மரத்தின் மேலோ கடலின் மேலோ ஏற்றுவதற்கும் வழியில்லை. அறிவுடைய காரணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் இருக்கிறது.

இங்கே எசெக்ஸ் தச்சர்களின் சார்பில் வலுவான மறுப்பு ஒன்றை எழுப்பலாம். அவர்களுள் எவரும் எவரையும் கொல்ல நினைக்கவில்லை. உயர்ந்த ஓக் மரத்தைத் தேர்ந்து, மரம் அழுகாதிருக்கச் சட்டங்களுக்கிடையே உப்பைக் கொட்டி, நேர்மையாக உழைத்தவர்கள். வினை என்பது எண்ணமே என்று கொள்ளும் பௌத்தம் இம்மறுப்பிற்கு ஆதரவாகத் தோன்றும். சேதனை, அதாவது செயலைத் தூண்டும் மனத்துணிவு, தீயதாக இல்லாதபோது கொலைவினை ஒட்டுவதில்லை என்பது அதன் அடிப்படை. இக்கொள்கையின் உண்மையை மறுக்க முடியாது. கொலைகாரனையும் கவனக்குறைவானவனையும் ஒரே தட்டில் வைக்கும் அறம் அறமாகாது. ஆயினும் எண்ணம் ஒன்றே அளவுகோல் என்றால், தீங்கு நினையாமல் தீங்கு செய்துகொண்டே இருக்கும் ஒரு தொழிலைத் திருத்துவதற்கு வழியே இல்லாமல் போகும்.

சமண மரபு இங்கே ஒரு முக்கியமான திருத்தத்தைக் கொண்டுவருகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்குக் கேடு விளைவிப்பதோடு பிரமாதம் என்னும் நிபந்தனையையும் சேர்க்கிறது. பிரமாதம் என்பது இங்கே விழிப்பின்மை, அசட்டை, பற்றினால் மங்கிய கவனம். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் தேவையில்லை. காக்க வேண்டிய இடத்தில் விழிப்பின்றி இருந்ததே போதும். திருக்குறள் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரத்தையே வகுத்து, செருக்கினாலும் மகிழ்ச்சியினாலும் வரும் மறதியைக் கண்டிப்பது இதனோடு நெருங்கிய சிந்தனை. வேகத்தின் வெற்றியில் திளைத்த துறைமுகத்தின் குற்றம் இவ்வகையானது. யூத, கிறித்தவ மறையும் இதை அறியாததன்று. எசெக்ஸ் மக்கள் சிறுவயது முதல் கேட்டு வந்த உபாகமத்தின் 22 ஆம் அதிகாரம், புதுவீடு கட்டுபவர் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்றும், கட்டாமல் ஒருவர் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்றும் விதிக்கிறது. விழுபவர் தம் கால் தவறியே விழுகிறார். வீட்டுக்காரர் அவரைத் தள்ளவில்லை. ஆயினும் பழி உண்டு. கட்டும்போதே பிறர் தவறையும் எண்ணிக் கட்ட வேண்டும் என்பது இவ்விதியின் ஆழ்ந்த பொருள்.

பொறுப்பு ஒருவருடையதன்று, பலருக்குப் பங்கிடப்பட்டது என்பது இரண்டாவது மறுப்பு. உரிமையாளர் வேகம் கேட்டார். மீனில் பங்கு பெற்ற மாலுமிகளும் வேகமான கலத்தையே விரும்பினார்கள். நகரத்தார் புதுமீன் கேட்டார்கள். தச்சன் கேட்டதைக் கட்டினான். இத்தகைய சங்கிலியில் குற்றம் எங்கே தங்குகிறது என்ற வாதம் தமிழுக்குப் புதிதன்று. புலால் மறுத்தலைப் பேசும் திருக்குறள், உண்பவர் இல்லையெனில் விற்பவரும் இல்லை என்ற நிலையிலிருந்து வாங்குபவரைச் சங்கிலிக்குள் கொண்டுவருகிறது. சமணக் காப்பியமான நீலகேசியும், கொன்றவர் வேறு உண்டவர் வேறு என்று பிரித்துக்காட்டும் பௌத்தரோடு இதன்பொருட்டே வாதிடுகிறது. இம்மரபின்படி, பங்கிடுவதால் வினை குறைவதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தான் அறிந்த அளவுக்கும், தன்னால் மாற்ற இயன்ற அளவுக்கும் முழுப்பொறுப்பே ஏற்கிறது. சங்கிலி நீளும்போது பொறுப்பு குறைவதாகத் தோன்றுவதற்குத் தொலைவும் ஒரு காரணம். எசெக்ஸில் கட்டிய கலத்தில் கிளாஸ்டரிலிருந்து ஏறியவர்களுள் நோவா ஸ்கோஷியா, நியூஃபவுண்ட்லாந்து, அசோரெஸ் தீவுகள் ஆகிய இடங்களைச் சேர்ந்தோர் மிகுதி. அவர்களுடைய வீடுகளின் அழுகை பட்டறைக்குக் கேட்கவில்லை. இதற்கு மாறான ஓர் அமைப்பையும் அதே துறைமுகம் பின்னாளில் கண்டது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930 இல் வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 ஆகஸ்டில் கிளாஸ்டரை அடைந்தது. கட்டியவரும் ஓட்டியவரும் ஒரே ஊரார் என்னும்போது ஒவ்வொரு பலகையும் தெரிந்த முகத்துக்காகவே அறையப்படுகிறது. தெரியாத முகத்துக்கும் அதே கவனத்தோடு பலகை அறைவதே அறம் கேட்கும் உயர்நிலை.

அந்நிலையை நோக்கி இத்தொழில் நகர்ந்த வரலாறும் உண்டு. தாமே மீன்பிடிக் கலத்தின் தலைவராக இருந்து, பின்னர் அமெரிக்க மீன்வள ஆணையத்தில் பணியாற்றிய ஜோசப் வில்லியம் காலின்ஸ், 1882 முதல் ஆழமற்ற ஸ்கூனர் உயிர்க்கொல்லி என்று பொதுவெளியில் எழுதி வாதாடினார். டென்னிசன் லாலர் போன்ற வடிவமைப்பாளர்கள் ஆழமான கலங்களை வரைந்து, அவை வேகத்திலும் பின்வாங்குவதில்லை என்று காட்டினார்கள். 1886 இல் கனெக்டிகட் மாநிலத்தின் நோவாங்கில் ஆணையத்திற்காகக் கட்டப்பட்ட கிராம்பஸ் என்னும் ஸ்கூனர், காலின்ஸின் கருத்துக்கு வடிவம் தந்தது. அதன்பின் எசெக்ஸ் பட்டறைகளின் மாதிரிகளும் ஆழம் பெறத் தொடங்கின. ஆழம் கூடிய பின்னரும் ஓர் ஆபத்து மிஞ்சியது. கப்பலின் அணியத்திலிருந்து கடல்மேல் நீண்ட மரத்தில், கடும் அலையில் முன்பாயைச் சுருட்ட ஏறிய மாலுமிகள் அடித்துச் செல்லப்பட்டனர். அம்மரத்திற்கு விதவையாக்கி என்ற பெயரே வழங்கியது. பாஸ்டனில் மீன் வணிகராக இருந்து வடிவமைப்பாளரான தாமஸ் மக்மேனஸ், அம்மரமே இல்லாத ஸ்கூனரை வரைந்தார். அவ்வகையில் முதலாவதான ஹெலன் பி. தாமஸ் 1902 இல் எசெக்ஸில் நீரில் இறங்கியது. அம்மரம் இல்லாத குறையை ஈடுசெய்ய உடலை நீட்ட வேண்டியிருந்ததால் அதே அளவு மீனை ஏற்றும் கலத்துக்குச் செலவு கூடியது. அதனால் உரிமையாளர் பலர் தயங்கினர். உயிருக்கும் செலவுக்கும் இடையே எழுந்த அந்தத் தயக்கம், முன்பு இறைவன் சித்தம் என்று சொல்லப்பட்டவற்றுள் எவ்வளவு பகுதி மனிதர் சித்தமாக இருந்தது என்பதை வெளிப்படையாக்கிவிட்டது.

இவ்வளவும் சொன்ன பின்னர், எதிர்த்திசையில் ஒரு மிகையையும் தவிர்க்க வேண்டும். வடிவம் திருந்தியதால் கடல் அடங்கிவிடவில்லை. 1923 இல் எசெக்ஸில் கட்டப்பட்டு, அழகுக்கும் ஆற்றலுக்கும் பெயர்பெற்ற கொலம்பியா என்னும் ஸ்கூனர், 1927 ஆகஸ்டுப் புயலில் சேபிள் தீவின் அருகே தன் மாலுமிகள் அனைவரோடும் மூழ்கியது. அறிந்த அனைத்தையும் செய்த பின்னரும் எஞ்சும் இழப்பு உண்டு. அதற்கும் ஒருவரைக் குற்றவாளியாக்கத் துடிப்பது, எல்லாவற்றையும் தெய்வத்தின் மேல் ஏற்றுவதைப் போன்றே பிழை. கிளாஸ்டரில் அசோரெஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துகீசிய மீனவர்கள் எழுப்பிய நற்பயண அன்னை ஆலயத்தில், மாதாவின் சிலை இடக்கையில் குழந்தைக்குப் பதிலாக ஒரு ஸ்கூனரை ஏந்தி நிற்கிறது. அச்சிலையின் முன் செய்யப்படும் வேண்டுதலுக்கு உரிய இடம் இந்த எஞ்சிய எல்லையே. மனிதக் கை செய்யக்கூடியதைச் செய்து முடித்தவரின் வேண்டுதல் தன் வரம்பை உணர்ந்த பணிவு. செய்யாதவரின் வேண்டுதலோ தன் வேலையைத் தெய்வத்தின் மேல் தள்ளும் சோம்பல்.

ஆகவே செய்வோனின் பொறுப்பை அளக்க மூன்று கேள்விகள் வரிசையாகக் கேட்கப்பட வேண்டும்: அவர் எதை அறிந்திருந்தார், அல்லது கவனித்திருந்தால் அறிந்திருப்பார், அறிந்ததில் எதை மாற்றும் ஆற்றல் அவரிடம் இருந்தது, அந்த ஆற்றலில் எவ்வளவைப் பயன்படுத்தினார். இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்த பின்னரே இறைவன் சித்தம் என்னும் சொல்லை உச்சரிக்கும் உரிமை பிறக்கிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலிலேயே தெய்வத்தைச் சொல்லி விசாரணையை முடிப்பவர் பக்திமானைப் போலத் தோன்றினாலும், தம் கைகளின் பிழையை இறைவனின் பெயரில் எழுதுகிறார். அது இறைவனுக்கு இழைக்கும் அநீதி, இறந்தவருக்கும் இழைக்கும் அநீதி. காலின்ஸும் மக்மேனஸும் காட்டிய வழி வேறு. அவர்கள் நிகழ்ந்த மரணங்களுக்காக வருந்தியதோடு நில்லாமல், அவ்வருத்தத்தை ஏராவின் ஆழமாகவும், நீக்கப்பட்ட ஒரு மரமாகவும் மாற்றினார்கள். பொருள் செய்யும் எவருக்கும், அது மரக்கலமாயினும், மருந்தாயினும், பாலமாயினும், கழுவாய் என்பது இவ்வடிவில்தான் நிறைவுறும்: அடுத்துச் செய்யும் பொருளைத் திருத்திச் செய்வதில்.